அவள் வாயில் வராத ‘லா’

மகள் பிறந்த மூன்றாம் நாள், காலை பத்து இருபதுக்கு எல்லாம் பிசகத் தொடங்கியது. அவள் மார்பைப் பற்றுவதும் நழுவி அழுவதுமாக இருந்தாள். எனக்குக் காம்பு வெடித்து இரத்தம் கசிந்தது. தோட்டத் தொழிலாளர் கிளினிக்கில் தாதியாக இருந்த என் அக்கா, குழந்தையின் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, “ஒனக்குப் பால் பத்தல. புட்டிய குடு” என்றாள்.

நான் நம்பினேன். என் உடம்பையே குறை சொல்லிக்கொண்டேன்.

மகளுக்கு இப்போது நான்கு வயது. எங்கள் ஊரில் தமிழர், சீனர் எல்லோரும் பேச்சின் முடிவில் ஒட்டும் ‘லா’ அவளுக்கு வரவில்லை; ‘போலாம்லா’ என்பதை ‘போயாம்யா’ என்கிறாள். “சீனக் கடைக்காரரே லா போடுறாரு, ஒம்மவளுக்கு வரல” என்று அக்கா கிண்டல் செய்வாள்.

ஈப்போவில் பேச்சுப் பயிற்சியாளரைப் பார்க்கப் போகிறோம் என்றதும்தான் அக்கா வாயைத் திறந்தாள். “அன்னிக்கே பாத்தேன். நாக்கு அடியில ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. சொன்னா நாக்க வெட்டிருவாங்கன்னு பயம்.”

மகளைக் கூட்டிக்கொண்டு ஈப்போவுக்குக் கிளம்பினேன்.

நாங்கள் காத்திருந்த அறைக்குள் பயிற்சியாளர் வந்தார், என்னைவிட இளையவர். முதல் கேள்வியே, பிள்ளை எப்படிப் பால் குடித்தாள் என்பது. சொன்னேன். மகளின் நாக்கைத் தூக்கிப் பார்த்தார்.

“லா வராததுக்கு இதான் காரணம்னு இப்பவே சொல்ல முடியாது, பழக்கிப் பாப்போம். ஆனா நாக்கு இப்படி ஒட்டியிருந்ததால, அப்ப அவளால மார்ப சரியாப் பிடிச்சிருக்க முடியாது. ஒங்க மேல தப்பில்லக்கா.”