தொண்டைக்கு ஆகாத மாத்திரை

அலர்மேல்மங்கையின் அகத்துக்காரர் அனந்தபத்மநாபனின் பிடிவாதம் திருவள்ளூர் முழுக்கப் பிரசித்தம். கோயில் கோஷ்டியில் பாசுரம் எடுத்துக் கொடுப்பவர் அவர்தான். அவர் முதல் அடியை எடுத்தால் மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். அந்தக் குரல் ஒன்றை வைத்துத்தான் மனுஷர் தலை நிமிர்ந்து நடந்தார்.

போன ஆவணியில் அந்தக் குரல் கரகரத்தது. முகம் ஊதியது, உட்கார்ந்த இடத்திலேயே தூங்கி வழிந்தார், புழுக்கத்திலும் போர்வை கேட்டார். ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர், தைராய்டு குறைவு, தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை, நிறுத்தவே கூடாது என்றார்.

"அது பொம்மனாட்டிகளுக்கு வர வியாதியாச்சே?" என்று டாக்டரிடமே கேட்டார் இவர். டாக்டர் சிரித்துக்கொண்டே அவர் தொண்டையில் விரலை வைத்து, சுரப்பி இங்கே இருக்கிறது என்று காட்டினார். வந்தது வினை. சுரப்பி தொண்டையில் என்றால் மாத்திரையும் தொண்டையில்தான் வேலை செய்யும், ஈரத்தை உறிஞ்சிக் குரலைக் கட்டிவிடும் என்று இவராகவே முடிவு கட்டிவிட்டார்.

தை உற்சவம் வரைக்கும் அவள் நச்சரிப்புக்காக விழுங்கினார். உற்சவம் பத்து நாளும் தொடவில்லை. குரல் கணீரென்று இருந்தது. அதற்கப்புறம் அவரை யார் பிடிப்பது? கோஷ்டியில் பாசுரம் சேவிக்கிற நாளெல்லாம் மாத்திரை கிடையாது என்றார். ஏகாதசி, ஆழ்வார் திருநட்சத்திரம், சனிக்கிழமை என்று பார்த்தால் மாத்திரைக்கு நாளே மிஞ்சவில்லை. பங்குனியில் அடியோடு நிறுத்திவிட்டார்.

"அஞ்சு மாசம் விடாம சாப்ட்டேளே, அதனாலதான் தையில குரல் நன்னா இருந்தது. புரிஞ்சுக்கோங்கோ."

"உனக்கென்ன தெரியும்? உள்ள போனா தொண்டை கட்டிக்கறது நேக்குன்னா தெரியும்."

முகம் மறுபடி ஊதியது. பேச்சு இழுத்தது. சித்திரை உற்சவத்துக்கு முதல் நாள் காலையில் அவள் மாத்திரையும் தண்ணீருமாக எதிரே நின்று அழுதேவிட்டாள். அவள் கண்ணீருக்காக ஒன்றை விழுங்கினார்.

மறுநாள் கோஷ்டியில் முதல் அடியிலேயே குரல் எழும்பாமல் நின்றது. கனைத்துவிட்டு மறுபடி எடுத்தார். பிசிறடித்தது. பக்கத்தில் நின்ற ஸ்ரீராமன், வயதில் சின்னவன், தயங்கித் தயங்கி அந்த அடியை எடுத்தான். கோஷ்டி அவன் பின்னால் போனது. பெண்கள் வரிசையிலிருந்து அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அகத்துக்கு வந்ததும் மாத்திரை அட்டையைத் தூக்கிக் குப்பையில் போட்டார்.

"பாத்தியா? நேத்து ஒண்ணே ஒண்ணு முழுங்கினேன். எல்லார் எதிர்லயும் மானம் போச்சு."

ஒரு மாத்திரை ஒரே நாளில் எதையும் கொடுக்காது, கெடுக்காது என்று சொல்ல அவளுக்கு வாய் வரை வந்தது. ஆனால் அந்த ஒன்றைக் கொடுத்தவள் அவள். அவமானத்தில் சுருண்டு உட்கார்ந்திருந்தவரிடம் அதைச் சொல்ல மனசு வரவில்லை.

அவர் ஏதோ முனகினார். அவளுக்குக் காதில் விழவில்லை. கிட்டே போய்க் குனிந்து கேட்டாள்.

"இனிமே நேக்கு மாத்திரை தராதே," என்றார். பக்கத்தில் நின்றும் பாதிதான் கேட்டது.