மூன்றாவது சுற்று

மட்டாஞ்சேரியில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் நான் தையல் டீச்சராக இருந்தேன். தையலைவிட எனக்குப் பிடித்த வேலை காலை அசெம்பிளியை நடத்துவது. தேசிய கீதம் தொடங்கினால் முடியும்வரை அத்தனை பெண்களும் நட்ட கல்லாக நிற்க வேண்டும். மட்டாஞ்சேரிக் கொசுவுக்கு தேசபக்தி கிடையாது. அந்த நேரம் பார்த்துத்தான் கெண்டைக்காலில் வந்து உட்காரும். காலைத் தட்டிவிட்ட பெண்ணை முதல் பீரியட் முழுக்க வெயிலில் நிறுத்துவேன். எனக்கு அப்போது இருபத்தாறு வயது, எல்லாம் தெரியும் என்ற நினைப்பு.

வீட்டில் அம்மாவும் நானும்தான். அப்பாவின் வேலைக்காகப் பாலக்காட்டிலிருந்து வந்த குடும்பம். அவர் போன பிறகும் இங்கேயே தங்கிவிட்டோம். தம்பி பட்டாளத்தில் லாரி ஓட்டினான். வடக்கே எல்லையில் சண்டை மூண்டபோது அவனும் அந்த மலைகளில் எங்கேயோ இருந்தான். சண்டை நின்று இரண்டு மாதமாகியும் கடிதம் இல்லை. தபால்காரர் வரும் நேரத்தில் அம்மா வாசல் பக்கமே போகமாட்டாள். எதிர்பார்த்து நின்றால் வராது என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை. அடுக்களையில் நின்றபடி சைக்கிள் மணிக்கு மட்டும் காதைக் கொடுத்திருப்பாள்.

தியேட்டரில் படத்துக்கு முன்னால் போடும் நியூஸ் ரீலில் நம் சிப்பாய்களைக் காட்டுகிறார்கள் என்று பக்கத்து வீட்டில் யாரோ சொல்லிவிட்டார்கள். சினிமா என்றாலே முகத்தைச் சுளிக்கும் அம்மா, ஞாயிற்றுக்கிழமை மத்தியானக் காட்சிக்கு எனக்கு முன்பே புடவை மாற்றிக்கொண்டு நின்றாள்.

பனியில் வரிசையாகச் சிப்பாய்கள் நடந்தார்கள். எல்லோருக்கும் ஒரே கோட்டு, ஒரே தொப்பி. அம்மா முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு எட்டி எட்டிப் பார்த்தாள். அது முடிந்தபின் படம் ஓடியது. அவள் ஒன்றையும் பார்த்ததாகத் தெரியவில்லை.

அந்தக் காலத்தில் படம் முடிந்ததும் திரையில் கொடியைக் காட்டி தேசிய கீதம் போடுவார்கள். அதற்குள் நழுவப் பார்க்கும் கூட்டமும் உண்டு. அவர்களை முறைப்பதற்காகவே நான் கழுத்தை நிமிர்த்தி நிற்பேன். அன்றும் அப்படி நின்றபோது பக்கத்தில் ஏதோ அசைந்தது. அம்மா கொடியைப் பார்த்துக் கைகூப்பி, கன்னத்தில் போட்டுக்கொண்டு, நின்ற இடத்திலேயே தன்னைத் தானே சுற்றிக்கொண்டிருந்தாள். சன்னிதியில் செய்வோமே, ஆத்மப் பிரதட்சிணம், அதேதான்.

பின் வரிசையில் சிரிப்புக் கேட்டது. "அம்மே, இது அம்பலமல்ல" என்றான் ஒருத்தன், கோயில் இல்லையம்மா என்று. அதே வரிசையில் என் வகுப்புப் பெண்கள் இரண்டு பேர் இருந்தார்கள். எனக்கு மானமே போயிற்று. அம்மாவின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்து, "அசையாம நில்லு" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். அவள் நின்றுவிட்டாள்.

வீட்டுக்கு வந்தும் என் கோபம் தீரவில்லை. மரியாதை என்றால் என்ன என்று அம்மாவுக்கே பாடம் எடுத்தேன். அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை. மறுநாளும் வெறும் மோரைக் குடித்துவிட்டு எழுந்தாள். என்னவென்று கேட்டபோது, "மூணு சுத்து வேண்டிண்டேன். ரெண்டுதான் ஆச்சு. மூணாவதுல நீ பிடிச்சு நிறுத்திட்டே" என்றாள்.

"கொடிகிட்டப் போய் ஆராவது வேண்டிப்பாளா அம்மா?"

"அவன் அதுக்குக் கீழேதானேடி நிக்கறான். பின்னே நான் ஆர்கிட்டச் சொல்றது?"

தெருக்கோடிக் கோயிலில் அந்த ஒரு சுற்றை முடித்துவிடலாமே என்று சொல்லிப் பார்த்தேன். "தொடங்கின எடத்துலதான் முடிக்கணும்" என்றாள். பாதியில் விட்ட வேண்டுதல் பிள்ளையின் தலையில் விடியும் என்று பயந்தாள். அந்தப் பயத்தை அவளுக்குக் கொடுத்தவள் நான். அந்த வாரம் சைக்கிள் மணி கேட்டபோதெல்லாம் நானும் வாசலுக்குப் போகாமல் அவளோடு அடுக்களையிலேயே நின்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானே அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். படம் மாறியிருந்தது. என்ன படம் என்று இன்று கேட்டால் சொல்லத் தெரியாது. தம்பியின் கடிதம் வர இன்னும் பதினோரு நாள் இருந்தது. அது அன்றைக்கு எங்களுக்குத் தெரியாது.

கொடி வந்தது, எல்லோரும் எழுந்தோம். அம்மா கைகூப்பினாள், ஆனால் சுற்றவில்லை. என் பக்கம் திரும்பி, பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்காத குரலில், "சுத்திக்கட்டுமாடி?" என்றாள்.

பெற்ற பிள்ளை உயிரோடு இருக்க வேண்டிக்கொள்வதற்கு என்னிடம் அனுமதி கேட்டாள். அந்த வெட்கம் இன்றுவரை போகவில்லை.

"சுத்திக்கோம்மா" என்றேன்.

நெருக்கமான சீட்டுகளுக்கு நடுவே பாதத்தை மெல்ல நகர்த்தி ஒரு சுற்று சுற்றினாள். பிறகு கைகளைக் கீழே விட்டு, நான் சொல்லியிருந்தபடியே, கீதம் முடியும்வரை அசையாமல் நின்றாள். நான்தான் அசைந்தேன். முந்தானையால் முகத்தைத் துடைக்காமல் என்னால் நிற்க முடியவில்லை.