மன்னாருக்குப் போகவேண்டாம் என்று சொன்ன மன்னார்க்காரன்

இன்று லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவில், மரக்கறிக் கடை வரிசையில் எனக்கு முன்னால் சார்செல் புறநகரிலிருந்து வந்த ஒரு தாயும் மகளும். ஊரில் மடு மாதா கோவில் திருவிழாவுக்குப் போகிறார்களாம்.

“அப்படியே மன்னார் ரவுனுக்கும் போட்டு வாங்கோ. என்ரை ஊர்,” என்றேன்.

“மடுவாலை நேரை யாழ்ப்பாணம்தான் அண்ணை. மன்னாரிலை கழுதையைத் தவிர என்ன கிடக்கு?” என்றார் தாய்.

எங்கள் ஊரில் கழுதைகள் அதிகம்; அதை வைத்து இந்தத் தெருவில் முப்பது வருடமாகக் கேட்கும் பகிடி. மாதாவைக் கும்பிட்டதும் வான் வண்டியை யாழ்ப்பாணப் பக்கம் திருப்பிவிடுவார்கள். ஒல்லாந்தர் கோட்டை, கடலைக் கடந்து ஊருக்குள் போகும் பாதை, பாவோபாப் எனும் பல நூறு வருடப் பெருக்கமரம் எல்லாம் சொல்ல வாய்வரை வந்தன. கோபம் முந்திக்கொண்டது.

“ஓம் தங்கச்சி, கழுதைதான். போகாதேங்கோ.”

அதற்குள் மகள் கைபேசியில் பெருக்கமரத்தின் படத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். “எவ்வளவு பெரிய மரம்! இதைப் பார்க்கப் போவோமா?” என்று பிரெஞ்சில் கேட்டாள்.

“அந்த ஊர்க்காரரே வேண்டாம் எண்டுறார், கேட்டனிதானே?”

பிள்ளை என்னைப் பார்த்தது. நான் கூடையிலிருந்த முருங்கைக்காயைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர்கள் போய்விட்டார்கள்.

இதை வாசிக்கும் சார்செல்காரர் யாருக்காவது அவர்களைத் தெரிந்தால் சொல்லிவிடுங்கள்: மரம் நல்ல மரம். ஊர்க்காரனுக்குத்தான் வாய் சரியில்லை.