கீழ்ப்பாதித் திரை

வாசிக்கிறவரே, உங்களை நான் நடுவராக அழைக்கவில்லை, சாட்சியாக அழைக்கிறேன். நடுவரென்றால் உங்களை என் பக்கம் சாய்க்கப் பார்ப்பேன். அந்த வித்தை எனக்குக் கைவந்தது. சாட்சிக்கு அந்த ஆபத்து இல்லை. கேட்டதை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். போன ஞாயிற்றுக்கிழமை மாலை, அம்பத்தூரை அடுத்த கள்ளிக்குப்பத்தில் எங்கள் இரண்டாம் மாடி வீட்டின் கூடத்தில் நின்று நான் வாய்விட்டு ஒரு வாக்குச் சொன்னேன். கேட்பதற்கு அங்கே ஒருவரும் இல்லை. அன்றிலிருந்து, அந்த வாக்கைக் காப்பாற்றத் தேவையில்லை என்பதற்கான வாதங்கள் எனக்குள் திரண்டுகொண்டே இருக்கின்றன. ஒவ்வொன்றும் மேடையில் வெல்லக்கூடியது. ஆகவேதான் சாட்சி வேண்டியிருக்கிறது.

பள்ளிக்கூட நாளிலிருந்தே நான் மேடைப் பேச்சாளன். எந்தத் தலைப்பைக் கொடுத்தாலும் ஒட்டியும் பேசுவேன், வெட்டியும் பேசுவேன். கோப்பைகள் கூடத்து அலமாரியில் இருக்கின்றன. அவற்றுக்குக் கீழ்த்தட்டில் என் மற்றோர் உலகம் இருக்கிறது. வீடியோ கேம் கன்சோல், இரண்டு கன்ட்ரோலர்கள், முதுகு தெரியும்படி அடுக்கிய டிஸ்க்குகள்.

ஆட்டங்களை வாங்குவதிலும் எனக்குக் கொள்கைகள் உண்டு. வெளியான அன்றே ஓர் ஆட்டத்தை வாங்குகிறவன், முழு விலை கொடுத்து அரைவேக்காட்டை வாங்குகிறான். பொறுத்திருந்து வாங்குகிறவனுக்குப் பிழை திருத்திய ஆட்டம் குறைந்த விலையில் கிடைக்கிறது. கன்சோலும் அப்படித்தான், அடுத்ததைப் பற்றி ஊர் பேசத் தொடங்கும்போது இப்போதையதை வாங்க வேண்டும். இவை சில்லறைக் கருத்துகள். என் தலையாய கருத்து டிஸ்க்கைப் பற்றியது. இணையக் கடையில் பணம் கட்டி இறக்கிக்கொள்ளும் ஆட்டம், நாம் குடியிருக்கும் வாடகை வீடு. உரிமையாளர் நினைத்தால் காலி செய்யச் சொல்லலாம். டிஸ்க் நம் பெயரிலுள்ள மனை. அதை நண்பனுக்கு இரவல் தரலாம், விற்கலாம், அம்பத்தூர் ரயில் நிலையத்து நடைமேம்பாலப் படியில் முன்பின் அறியாத ஒருவரோடு மாற்றிக்கொண்டு அடுத்த வண்டியில் வீடு திரும்பலாம். நான் திரும்பியிருக்கிறேன்.

கல்லூரி மேடையில் இதையே பேசிக் கைதட்டு வாங்கினேன். எதிரணிப் பெண் எழுந்து, “நாளை உங்கள் டிஸ்க்கை ஏற்காத பெட்டி வந்தால் என்ன செய்வீர்கள்?” என்று கேட்டாள். “ஏற்கும் பெட்டியை வாங்குவேன்” என்றேன். அரங்கம் அதிர்ந்தது. அந்த விடை சரியென்றே நெடுநாள் நம்பியிருந்தேன்.

இனி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிட நான்கு வயது மூத்தவள். எங்களிடம் ஒரு லாரிப் பந்தய ஆட்டம் இருந்தது. மலைப்பாதையில் சரக்கு லாரிகளை ஓட்டிச் செல்ல வேண்டும். இருவர் ஆடினால் தொலைக்காட்சித் திரை குறுக்காக இரண்டாகப் பிரியும். மேல்பாதி எனக்கு, கீழ்ப்பாதி அவளுக்கு. நான் வெல்வதற்காக ஓட்டுவேன். அவள் மலையைப் பார்ப்பதற்காக ஓட்டுவாள். ஒவ்வொரு முறையும் ஏதோ ஓர் ஏரிக்குள் லாரியை இறக்கிவிட்டு, “குளிப்பாட்டிகினு வரேன்டா” என்பாள்.

வீட்டில் அதிகம் பேசாதவள், அந்த ஆட்டத்தில் மட்டும் மனம்விட்டுப் பேசினாள். எனக்குப் பேச வேண்டுமென்றால் எதிரில் கண்கள் வேண்டும். அவளுக்கோ, ஒரு ஜோடிக் கண் தன்னைப் பார்த்தாலே பேச்சு நின்றுவிடும். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்து, இரண்டு பேரின் பார்வையும் சாலைமேல் இருக்கும்போதுதான் மனத்திலிருப்பது வெளியே வரும். ஒரு பாடத்தில் தோற்றதை அப்படித்தான் சொன்னாள். அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் முதல் வேலைக்குப் போன இடத்தில் மேலாளர் குரலை உயர்த்தும்போதெல்லாம் கணக்குத் தப்பிவிடுகிறது என்பதையும் அப்படித்தான். ஒருநாள் லாரி பாலத்தில் போய்க்கொண்டிருந்தபோது சொன்னாள்:

“அந்தப் பையன் ஊட்டுக்காரங்க வந்தாங்கல்ல, சரின்னு சொல்லிட்டேன்டா.”

“உனக்குப் புடிச்சிருக்காக்கா?”

“வளைவு வருது. ரோட்ட பாரு.”

திருமணமாகிப் பூந்தமல்லிக்குப் போனாள். கணவர் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிறார். நான் அவரை மாமா என்றும், அவர் என்னை மச்சான் என்றும் அழைத்துக்கொள்வோம். அதற்கு மேல் எங்களிடையே பேச்சு வளரவில்லை. அக்கா வரும்போதெல்லாம் அவரோடு வந்து, சோபாவில் அவருக்கும் அம்மாவுக்கும் நடுவில் அமர்ந்து, “நல்லா கீறேன்மா” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இதற்கிடையில் பழைய கன்சோல் அடிக்கடி சூடேறி நின்றுபோகத் தொடங்கியது. அம்பத்தூரில் பழசைக் கொடுத்துப் புதுசு வாங்கும் கடைக்குப் போனேன். என் கொள்கைப்படி, கேட்க வேண்டியதை முதலில் கேட்டேன்.

“இந்தப் புதுசுல பழைய சிடி ஓடுமாண்ணா?”

“ஓடுமாவா? பிச்சிகினு ஓடும் நைனா. அதுக்குத்தான சிடி போட சந்து வெச்சிகீறான்.”

ஏற்கும் பெட்டியை வாங்கிவிட்டேன். மேடையில் சொன்னதைச் செய்துகாட்டிய பெருமிதத்தோடு அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, பிறகு வாங்கிய புதிய ஆட்டங்களை அதில் ஆடினேன். பெரும்பாலும் தனியே. ஒரே திரையில் இருவர் அமர்ந்து ஆடும் ஆட்டங்கள் இப்போது அருகிவிட்டன. ஆளுக்கொரு வீடு, ஆளுக்கொரு பெட்டி, ஆளுக்கொரு கணக்கு, காதில் ஒரு கருவி. இதற்குத்தான் சேர்ந்து ஆடுவது என்று பெயர். பக்கத்தில் ஆளில்லாத உலகத்தைக் கட்டி, அதைத்தான் முன்னேற்றம் என்று விற்கிறார்கள். நாமும் வரிசையில் நின்று வாங்குகிறோம்.

போன வாரம் அக்கா கைப்பேசியில் அழைத்தாள். வழக்கம்போல எல்லார் நலமும் விசாரித்தாள். பிறகு, “அந்த லாரி கேம் இன்னும் கீதாடா?” என்றாள்.

“கீது.”

“ஞாயித்துக்கெழம வரேன். நான் மட்டும்.”

என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரியாது. ஏதோ வரப்போகிறது என்று மட்டும் தெரிந்தது.

ஞாயிறன்று சர்ச் முடிந்து நானும் அம்மாவும் வீடு திரும்பியபோது அவள் வாசலில் நின்றிருந்தாள். காலடியில் ஒரு பை. மதியம் வந்து மாலையில் திரும்புகிறவளுக்கு அவ்வளவு பெரிய பை தேவையில்லை. அம்மா, “மாமியார் இன்னா சொல்றாங்க?” என்று கேட்டதற்கு, “ஒண்ணும் இல்லம்மா” என்றாள். சாப்பிட்டு முடித்ததும் தன் பழைய இடத்தில், திரைக்கு இடப்பக்கமாகத் தரையில் சம்மணமிட்டு அமர்ந்து கன்ட்ரோலருக்குக் கை நீட்டினாள்.

டிஸ்க்கைச் செருகினேன். பெட்டி அதை உள்ளிழுத்தது, சுழற்றியது, அடையாளம் கண்டுகொண்டது. ஆட்டத்தின் பெயரைக்கூடச் சரியாகக் காட்டியது. அதன் கீழே ஓர் அறிவிப்பு: இந்த ஆட்டத்தை இந்தக் கன்சோலில் இயக்க, முழுவதையும் இணையத்திலிருந்து பதிவிறக்க வேண்டும்.

எனக்குப் புரிய நேரமாயிற்று. டிஸ்க்கிலுள்ள ஆட்டத்தை இந்தப் பெட்டி படிக்காது. நாம் அதை வாங்கியவர்தானா என்று பார்த்துக்கொள்ள மட்டுமே அதற்கு டிஸ்க் வேண்டும். மனை என்று நான் மேடைதோறும் முழங்கியது வெறும் அடையாள அட்டையாகிவிட்டது. அதோடு, மழைநீர்க் கால்வாய்க்காகத் தெருவைத் தோண்டியதில் எங்கள் வரிசை வீடுகளின் இணையக் கம்பி அறுந்து கிடந்தது. என் கைப்பேசியின் இணையத்தைப் பெட்டிக்குக் கொடுத்தேன். திரையின் அடியில் ஒரு பச்சைக் கோடு நகரத் தொடங்கியது. நகர்கிறதா என்பதை உற்றுப் பார்த்துத்தான் அறிய முடிந்தது.

அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“இன்னாடா, அவள ஆடக் கூப்ட்டுட்டு கோட்ட காட்டிகினு கீற?”

“டவுன்லோடு ஆவுதும்மா.”

“சிடி உள்ளதான கீது?”

“உள்ளதான் கீது.”

“உள்ள கீறத எதுக்குடா வெளியிலருந்து எறக்குற?”

அக்கா சிரித்துவிட்டாள். “கப்பு வாங்குனவன் கவுந்துட்டான் பாரும்மா.” அன்று அவள் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

பிறகு நான் பேசினேன். காத்திருக்கும் அமைதியைத் தாங்கமுடியாமல், கன்சோல் கம்பெனிகளின் சூழ்ச்சியைப் பற்றியும், உரிமை என்ற சொல் உரிமமாகத் தேய்ந்ததைப் பற்றியும், வாங்குகிறவன் எப்படிக் வாடகைக்குக் குடியிருப்பவனாக்கப்பட்டான் என்பதைப் பற்றியும் பேசினேன். நன்றாகவே பேசினேன். அவள் கோட்டைப் பார்த்தபடி, கன்ட்ரோலரின் பொத்தானைக் கட்டைவிரலால் மெல்ல அழுத்துவதும் விடுவதுமாக இருந்தாள். ஓரிடத்தில் நிறுத்திவிட்டு, அவள் பக்கம் திரும்பி முகத்தைப் பார்த்துக் கேட்டேன்:

“ஏதாச்சும் சொல்லணுமாக்கா?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். “லாரி வரட்டும்டா.”

என் கைப்பேசியில் அன்றைய இணைய அளவு தீர்ந்தது, கோடு நின்றது. அவள் தன் கைப்பேசியைத் தந்தாள். கோடு மறுபடி ஊர்ந்து பாதியைத் தாண்டிய வேளையில் அதில் அழைப்பு வந்தது. எடுத்துக்கொண்டு பால்கனியைத் தாண்டி வெளிப்படிக்கட்டுவரை போனாள். எட்டாத தூரத்துக்கு அவள் போனதும் இணைப்பு அறுந்தது. இணைப்பு துண்டிக்கப்பட்டது என்று பெட்டி எனக்குத் தெரிவித்தது. அந்த வாக்கியத்தைப் பார்த்துக்கொண்டு, அவள் திரும்பும்வரை நான் உட்கார்ந்திருந்தேன்.

“உங்க மாமா வந்துகினு கீறாராம். திருமுல்லைவாயில்ல ஏதோ வேலையா வந்தாராம், அப்டியே கூட்டிகினு போறேன்றாரு” என்றாள். கைப்பேசியைப் பெட்டியருகே வைத்துவிட்டு மறுபடி அதே இடத்தில் அமர்ந்தாள். கன்ட்ரோலரை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். இருவரும் கோட்டைப் பார்த்தோம். இப்போது எனக்குப் பேச எதுவும் இருக்கவில்லை. அந்த அமைதியில் அவள் மூச்சை இழுத்து, “டேய்...” என்றாள்.

கீழே ஹாரன் அடித்தது.

பால்கனியிலிருந்து, “மேல வாங்க மாமா” என்றேன். “இல்ல மச்சான், லேட்டாயிடும்” என்றார். வண்டியின் எஞ்சினை அவர் நிறுத்தவில்லை.

பையைப் படிவரைக்கும் நான் தூக்கிவந்தேன்.

“இன்னாக்கா, கல்லு மாதிரி கீது?”

“துணிடா. கொஞ்ச நாளைக்கு ஆவுற மாதிரி எடுத்து வெச்சேன்.”

“அப்ப இரேன்.”

“லாரியே வரலியேடா” என்று சொல்லிப் பையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். மறுபடி ஹாரன். எந்தத் தலைப்புக்கும் எழுந்து நிற்கும் என் நாக்கு, ஒரு படிக்கட்டின் தலைப்பில் அசையாமல் கிடந்தது. பையை மடியில் வைத்து வண்டியின் பின்னால் அமர்ந்து அவள் போனாள்.

மாலையில் அம்மா ஜெபக்கூட்டத்துக்குப் போனாள். அப்பா எஸ்டேட்டில் ஞாயிறு ஷிஃப்ட்டில் இருந்தார். தெருவில் அறுந்த கம்பியை யாரோ வந்து ஒட்டியிருக்க வேண்டும். பிற்பகல் முழுவதும் ஊர்ந்த கோடு சில நிமிடங்களில் ஓடி முடிந்தது. ஆட்டம் தானாகத் திறந்தது. அதே இசை, அதே மலை. இருவர் ஆட்டத்தைத் தேர்ந்தேன். திரை குறுக்காகப் பிரிந்தது. மேல்பாதியில் என் லாரி உறுமிக்கொண்டு நின்றது. கீழ்ப்பாதி முழுவதும் சாம்பல் நிறம். நடுவில் ஒரு வரி: இரண்டாம் ஆட்டக்காரர் ஏதேனும் ஒரு பொத்தானை அழுத்தவும்.

அந்தக் கன்ட்ரோலர் அவள் வைத்த இடத்திலேயே இருந்தது. நானே அதை அழுத்தியிருக்கலாம். அழுத்தினால் அவள் லாரி வந்துவிடும். ஓட்ட ஆள் வராது.

இப்போது உங்களிடம் என் எதிரணியையும் ஒப்படைத்துவிடுகிறேன். மாமா கெட்டவரென்று யார் சொன்னது? அவள் வாய்திறந்து ஒரு குறையும் சொல்லவில்லையே? அழைக்காத வீட்டுக்குள் தம்பி நுழைந்தால் அவளுக்கே அது சுமையாகாதா? துணி நிறைந்த பை எதற்குச் சான்று? கேட்டீர்களா, எவ்வளவு நேர்த்தியாக இருக்கின்றன. நாளுக்கு நாள் இன்னும் நேர்த்தியாகின்றன. அடுத்த ஞாயிறு வருவதற்குள் இவை வென்றுவிடுமோ என்று அஞ்சுகிறேன். நான் தோற்றுப் பழகாதவன், என்னிடமும்.

ஆகவே அன்று, சாம்பல் நிறக் கீழ்ப்பாதியைப் பார்த்தபடி, ஒலிபெருக்கியும் அவையும் இல்லாத கூடத்தில் நான் உரக்கச் சொன்னதைச் சொன்னபடியே உங்கள் காதில் போடுகிறேன்:

“வர்ற ஞாயித்துக்கெழம நானே பூந்தமல்லிக்கு வரேங்க்கா. பொட்டியும் எடுத்துகினு வரல, சிடியும் எடுத்துகினு வரல. அந்தப் பைய நான் தூக்கிகினு வரேன். பஸ்ல உன்ன ஜன்னலோரம் ஒக்கார வெச்சிட்டு, பக்கத்துல ஒக்காந்து ரோட்ட மட்டும் பாத்துகினு வரேன். நீ சொல்லு. அம்பத்தூர் வர்ற வரிக்கும் நான் வாய தொறக்க மாட்டேன்.”