வெள்ளிக்கிழமை விலை

காந்தி மார்க்கெட்டில் சின்ன வெங்காய மண்டி நடத்தும் மாரியாயி ஐந்து வருஷமாக ஒரு கம்பெனிப் பங்கை வாங்காமல் இருந்தாள். வாங்காமல் இருப்பது ஒரு சாதனையா, நாட்டில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தானே இருக்கிறார்கள் என்று கேட்கலாம். அவர்கள் சும்மா வாங்காமல் இருப்பவர்கள். மாரியாயி தினமும் விலை பார்த்து, நோட்டில் எழுதி, யோசித்து, அதன் பிறகு வாங்காமல் இருந்தாள்.

கம்பெனியின் பெயர் கல்லணை பம்ப்ஸ். நோட்டில் ஒரு நாளைக்கு நாலு விலை: தொடங்கிய விலை, உச்சம், அடி, முடிந்த விலை. இதை யாரும் அவளுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. மண்டியிலும் அதே நாலு விலைதான். விடியற்காலையில் முதல் மூட்டை போகும் விலை ஒன்று. ஓட்டல்காரர்கள் முண்டியடிக்கும்போது ஏறுவது ஒன்று. வெயில் வந்ததும் வேண்டாவெறுப்பாகக் கேட்பது ஒன்று. கடைசியில் கடை கட்டும் விலை. இவற்றோடு அன்றைக்கு எத்தனை பங்கு கைமாறியது என்பதற்கும் ஒரு கட்டம் போட்டு, அதற்கு ‘லோடு’ என்று தலைப்பு வைத்திருந்தாள். “ரெண்டு மூட்டை வித்த விலையெல்லாம் ஒரு விலையா?” என்பது அவள் கட்சி. டிவியில் கோட்டுப் போட்டவர்கள் ஒரு மணி நேரம் பேசியும் இந்த இடத்துக்கு வந்து சேருவதில்லை.

பங்கு ஆயிரத்து ஐம்பதாக இருந்தபோது, தொள்ளாயிரத்துக்கு வரட்டும் என்றாள். ஆயிரத்து எண்ணூற்று எழுபத்தைந்தானபோது, ஆயிரத்து ஐந்நூறு வரட்டும் என்றாள். போன வெள்ளிக்கிழமை முடிந்த விலை இரண்டாயிரத்து நானூற்றுப் பத்து. இரண்டாயிரம் வரட்டும் என்று எழுதிவிட்டு, பால்குடம் எடுக்கச் சமயபுரம் போனாள்.

திங்கட்கிழமை மதியம் மண்டிக்குத் திரும்பியபோது, பக்கத்துப் பூண்டுக் கடை நஸ்ருல்லா தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான். மாரியாயியின் பேச்சைக் கேட்டுத்தான் அவனும் கல்லணை பம்ப்ஸைக் கவனிக்க ஆரம்பித்தான். ஆனால் அவளைப் போலப் பொறுமை இல்லாததால், ஆயிரத்துத் தொள்ளாயிரத்தில் நாற்பது பங்கு வாங்கித் தொலைத்திருந்தான்.

“அக்கா, மோசம் போயிட்டேன்க்கா. எழுவத்தாறாயிரம் போட்டது, பத்தொம்பதாயிரம்னு காட்டுது. விக்கலாம்னு அமுக்குனா விக்கவும் விட மாட்டேங்குது.”

செல்லை வாங்கிப் பார்த்தாள். நானூற்று எண்பத்து மூன்று.



“லோடு எவ்வளவு தம்பி?”

“அதுவேற அஞ்சு மடங்கு ஓடுது. ஊரே கொட்டித் தீக்குதுக்கா!”

“கொட்டட்டும்.”

“என்னது, கொட்டட்டுமா? உங்க வாயில சக்கரைய அள்ளிப் போட! நான் செத்துக்கிட்டிருக்கேன், உங்களுக்குச் சிரிப்பு வருதா?”

சிரிப்புத்தான் வந்தது. வெங்காயக்காரிக்கு விலை விழுவது இழவு வீடு அல்ல, கல்யாண வீடு. வரத்து குவிந்து ஊரே கொட்டித் தீர்க்கும் நாளில் வாங்கிப் பட்டறை போட்டு, விலை ஏறும்வரை சேர்த்து வைத்தவர்கள்தான் மார்க்கெட்டில் மாடி கட்டியிருக்கிறார்கள். ஐந்து வருஷ நோட்டில் ஆயிரத்துக்குக் கீழே ஒரு வரி கிடையாது.

ஆனால் கையில் இருந்த ஆறு லட்சம் சும்மா இருந்த பணம் அல்ல. இப்போதிருக்கும் கடையை மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். மெயின் ரோட்டுப் பக்கம் ஒரு கடை இருக்கிறது. தில்லை நகர் அழகர்சாமியுடையது. வெள்ளிக்கிழமைக்குள் ஆறு லட்சம் அட்வான்ஸ் வந்தால் அவளுக்கு, வராவிட்டால் சனிக்கிழமை, அதே கடையைக் கேட்டுக்கொண்டிருக்கும் தக்காளிக்காரனுக்கு. கடை போனால் இருபத்தெட்டு வருஷ மண்டி நடுத்தெருவில்.

நானூற்று எண்பதுக்கு ஆறு லட்சம் என்றால் ஆயிரத்து இருநூற்று ஐம்பது பங்கு. பழைய விலைக்குத் திரும்பினால் முப்பது லட்சம். பாதி தூரம் திரும்பினால்கூட வியாழக்கிழமைக்குள் விற்று அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, எதிர்க்கடையையும் கேட்கலாம். தக்காளிக்காரன் முகத்தை ஒரு கணம் நினைத்துப் பார்த்தாள். மணி இரண்டு ஐந்து. மூன்றரைக்குச் சந்தை மூடிவிடும்.

அவள் பங்குக் கணக்கு ஸ்ரீரங்கத்தில், அடையவளஞ்சான் வீதியில் சௌரிராஜன் நடத்தும் சின்ன ஆபீஸில் இருந்தது. ஐந்து வருஷத்தில் ஒரு வியாபாரமும் நடக்காத கணக்கு. பாஸ்வேர்டு அவளுக்கும் தெரியாது, ஆண்டவனுக்கும் தெரியாது. நேரே போனால்தான் உண்டு. ஆட்டோ பிடித்தாள். காவிரிப் பாலத்தில் ஒரு கல்லூரி பஸ் நின்றுபோய், இரண்டு பக்கமும் ஹாரன் அலறியது.

“கொஞ்சம் ஓரமாப் பூந்து போங்கண்ணே!”

“பூந்து போலாம்மா, நேரா ஆத்துக்குத்தான் போவணும். பரவால்லையா?”

இருபத்தைந்து நிமிஷம் பாலத்திலேயே போனது. ஆபீஸ் படியேறியபோது இரண்டு ஐம்பது.

“வாங்கோ, வாங்கோ! அஞ்சு வருஷம் கழிச்சுப் பெருமாள் இன்னிக்குத்தான் கண்ணைத் திறந்திருக்கார்,” என்றார் சௌரிராஜன். “என்ன வாங்கப் போறேள்?”

“கல்லணை பம்ப்ஸ்ங்க. ஆறு லட்சத்துக்கும்.”

“பேஷா வாங்கலாமே.”

ஏன் வாங்குகிறாள் என்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. இதுதான் மண்டிக்காரர்களின் தர்மம். சல்லிசாக ஒரு சரக்கு கண்ணில் பட்டால், ‘ஏன் இவ்வளவு கம்மி’ என்று வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் பக்கத்தில் இருப்பவன் முந்திக்கொள்வான், அல்லது விற்கிறவன் விழித்துக்கொள்வான். இந்தத் தர்மத்தை இருபத்தெட்டு வருஷம் காத்தவள், அன்றைக்கும் உதட்டை மடித்து உட்கார்ந்திருந்தாள். அதைவிடப் பெரிய முட்டாள்தனத்தை அவள் வாழ்நாளில் செய்ததில்லை.

சௌரிராஜன் இன்னொரு போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். கம்ப்யூட்டரில் ஜென்சி என்ற பெண் இருந்தாள். பாஸ்வேர்டு மாற்றி, வங்கியிலிருந்து பணத்தைக் கொண்டுவந்து முடிப்பதற்குள் மூன்று பதினெட்டு.

“ஆண்ட்டி, இப்ப நானூத்தி எம்பத்தொண்ணு இருபது. எவ்வளவுக்குப் போடட்டும்?”

“நானூத்தி எம்பது. ஒரு பைசா கூடக் கூடாது.”

விற்கிறவன் கஷ்டத்தில் இருக்கும்போதும் பேரம் பேசாவிட்டால் வெங்காயம் விற்று என்ன பயன்? ஜென்சி ஆர்டரைப் போட்டாள். விலை எண்பதுக்கு இறங்கினால் பங்கு இவள் பெயருக்கு வந்துவிடும். நானூற்று எண்பத்தொன்று பத்து. எண்பத்தொன்று. எண்பது எழுபது.

காத்திருந்த நேரத்தில் ஜென்சி பழைய விலைப் பட்டியலைத் திறந்தாள். மாரியாயி கண்ணை ஓட்டினாள். வெள்ளிக்கிழமைக்கு நேரே, முடிந்த விலை: 482.

பேசக் கூடாதுதான். ஆனால் தான் எழுதி வைத்த விலையை ஒரு பெட்டி தப்பாகச் சொல்வதை எப்படிப் பொறுப்பது?

“பாப்பா, வெள்ளிக்கிழமை ரெண்டாயிரத்து நானூத்திப் பத்து. தப்பாப் போட்டிருக்கு.”

“இல்லையே ஆண்ட்டி, நானூத்தி எம்பத்தி ரெண்டு.”

“நான் எழுதியிருக்கேன்!” கைப்பையிலிருந்து நோட்டை எடுத்து மேஜையில் போட்டாள். “போன வருஷம் ஆடிப்பெருக்கன்னிக்கு ஆயிரத்து எண்ணூத்தி எழுவத்தஞ்சு. அதையும் பாரு.”

ஜென்சி தேடினாள். “முந்நூத்தி எழுவத்தஞ்சு.”

“நான் மொதமொதல்ல எழுதுனது ஆயிரத்தி அம்பது!”

“இங்க இருநூத்திப் பத்துன்னு இருக்கு ஆண்ட்டி.”

நடந்து முடிந்த ஐந்து வருஷத்தை ஒரே வார இறுதியில் யாரோ மாற்றி எழுதியிருக்கிறார்கள். சரித்திரத்தைத் திருத்துவது நம் நாட்டுக்குப் புதிதல்ல. ஆனால் திருத்துகிறவர்கள் இவ்வளவு ஒழுங்காகத் திருத்தி அவள் பார்த்ததில்லை. இரண்டாயிரத்து நானூற்றுப் பத்தில் ஐந்தில் ஒன்று. ஆயிரத்து எண்ணூற்று எழுபத்தைந்தில் ஐந்தில் ஒன்று. ஆயிரத்து ஐம்பதில் ஐந்தில் ஒன்று.

லோடு ஐந்து மடங்கு.

தொண்ணூறு கிலோ மூட்டையை நிறுத்தி ஐம்பது கிலோ மூட்டை கொண்டுவந்த வருஷம் ஞாபகம் வந்தது. மூட்டை விலை பாதியாகிவிட்டது என்று துறையூர் வியாபாரி ஒருவன் லாரி வைத்து அள்ளிக்கொண்டு போனான். ஊரே சிரித்தது. அதிகமாகச் சிரித்தவள் மாரியாயி.

“பாப்பா, நிறுத்து! மூட்டையச் சின்னதாக்கிப்புட்டாங்க! ஆர்டரை எடு!”

“எந்த மூட்டை ஆண்ட்டி?”

“எடுன்னா எடுடி!”

நானூற்று எண்பது இருபது. ஜென்சி அமுக்கினாள். திரையில் ஒரு வட்டம் சுற்றியது. எண்பது பத்து. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. எண்பது. மாரியாயி மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, காலையில்தான் கும்பிட்டுவிட்டு வந்த அம்மனை மறுபடி கூப்பிட்டாள். வட்டம் நின்றது.

“அறுபது மட்டும் விழுந்துடுச்சு. மிச்சம் கேன்சல் ஆயிடுச்சு ஆண்ட்டி.”

சத்தம் கேட்டு வந்த சௌரிராஜன் விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார். “ஒரு பங்கை அஞ்சாப் பிரிச்சுட்டா. வெச்சிண்டிருக்கறவாளுக்கு ஒண்ணுக்கு அஞ்சு வந்துடும், வந்து சேர்ற வரைக்கும் விக்க முடியாது. விலையும் அஞ்சுல ஒண்ணாயிடும், பழைய விலையையும் அதே மாதிரி வகுத்துப் போட்டுடுவா. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன்.”

“நீங்க சொல்லலாமுல்லங்க?”

“நீங்க கேக்கலையே.”

இரண்டு பேரும் அவரவர் தர்மப்படிதான் நடந்திருக்கிறார்கள்.

அறுபது பங்கு கைக்கு வந்ததும் புதன்கிழமை காலையிலேயே தள்ளிவிட்டாள். விலை நானூற்று அறுபத்தெட்டு. எழுநூற்று இருபது ரூபாய் நஷ்டம். ஆயிரத்து இருநூற்று ஐம்பதும் விழுந்திருந்தால் பதினைந்தாயிரம் போயிருக்கும், அட்வான்ஸுக்குக் கையில் குறைந்திருக்கும். நஸ்ருல்லாவின் நாற்பது பங்கு இருநூறாகி வந்து சேர்ந்தது. அவன் மார்க்கெட்டில் பாதிப் பேருக்கு டீ வாங்கிக் கொடுத்து, தான் அழவே இல்லை என்று சாதித்தான்.

வெள்ளிக்கிழமை காலை ஆறு லட்சத்தோடு தில்லை நகர் போனாள். அழகர்சாமி பணத்தை வாங்கி மேஜையில் வைத்துவிட்டு, ஒப்பந்தத்தை நீட்டினார். மாத வாடகை ஏழாயிரம்.

“வேற ஒருத்தன்னா பத்து கேட்டிருப்பேன். மாரியாயிங்கறதால சொல்றேன். பத்து வருஷத்துக்கு முன்னாடி இதே கடை நாலாயிரம். ரெண்டு மடங்குகூட ஆக்கல. இந்தக் காலத்துல எவன் இப்படி விடுவான், சொல்லுங்க?”

மாரியாயி பேனாவைக் கையில் எடுத்தாள். கையெழுத்துப் போடவில்லை.

“நியாயம்தாங்க. ஒண்ணு மட்டும் கேட்டுக்கிறேன். நாலாயிரத்துக்கு விட்டப்ப, அந்தக் கடை எத்தனை அடிங்க?”

அழகர்சாமி நடுவில் சுவர் எழுப்பி அந்த ஒரு கடையை இரண்டாக்கி ஏழு வருஷம் ஆகிறது. அவர் உள்பக்கம் திரும்பி, அம்மாவுக்கு ஒரு காபி கொண்டுவரச் சொன்னார்.

“காபி மெதுவா வரட்டுங்க,” என்றாள் மாரியாயி. “அடி எத்தனைன்னு சொல்லுங்க.”