டாக்குரியா பெண்கள் அணியை நான் தோற்கடித்தது

எங்கள் பேஸ்பால் அணி இரண்டே சீசன்தான் இருந்தது. ஆரம்பித்தவர் எங்கள் மாடி வீட்டில் இருந்த வங்காளிப் பெண்மணி. அண்ணி முறை வைத்து நான் பௌதி என்று கூப்பிடுவேன். டாக்குரியா ஏரிப் பக்கம் காலையில் நடக்க வந்த பெண்களையே பிடித்து அணி சேர்த்தார். பந்து எறிவது அவர். மட்டை பிடிப்பவளுக்குப் பின்னால் குந்தியிருந்து பந்தைப் பிடிப்பது நான். அடுத்து எந்த மாதிரிப் பந்து என்று விரலால் ஜாடை காட்டுவதும் என் வேலை. அந்த ஜாடைகளை என் வீட்டுச் சமையலறையில் நாங்கள் இருவரும்தான் யோசித்து வைத்தோம்.

முதல் சீசனில் உள்ளூர் லீகில் நன்றாகவே ஆடினோம். உடனே அணிக்கு ஒரு செக்ரெட்டரி முளைத்தார். கல்லூரிப் பெண்களைக் கூட்டிவந்தார். அவர்களுக்கு ஜாடைகளைச் சொல்லிக்கொடுக்கச் சொன்னார், கொடுத்தேன். அது முடிந்ததும் எல்லோர் முன்னாலும் பௌதியை அக்கா முறை வைத்துக் கூப்பிட்டுச் சொன்னார்: “தீதி, இந்த மைதானமெல்லாம் உங்க வயசுக்கு ஒத்துவராது. உக்காந்து கை தட்டுங்க, போதும்.”

யாரோ சிரித்தார்கள். பௌதி கையுறையைக் கழற்றி பெஞ்சில் வைத்தார். அன்றே நானும் அந்த அணியை விட்டு விலகினேன்.

லீகில் கடைசியில் கிடந்த பாலிகஞ்ச் அணியில் போய்ச் சேர்ந்தேன். பௌதியையும் கூப்பிட்டேன். வரவில்லை.

இரண்டாவது சீசனில் பரீட்சை வந்ததும் கல்லூரிப் பெண்களில் பாதிப் பேர் வரவில்லை. டாக்குரியாவும் அடிமட்டத்துக்கு இறங்கியது. கடைசி ஆட்டம் எங்களோடு. தோற்றால் அவர்கள் லீகை விட்டே போகவேண்டும்.

என் முறையில் பந்தை அடித்துவிட்டு ஓடிப்போய், பந்து எறிபவளுக்குப் பின்னால் இருக்கும் இரண்டாவது பேஸில் நின்றேன். எதிரே பந்து பிடிக்கக் குந்தியிருந்த டாக்குரியா பெண்ணின் விரல்கள் நன்றாகத் தெரிந்தன. அதே ஜாடை! மாற்றவேண்டும் என்றுகூட அந்த செக்ரெட்டரிக்குத் தோன்றவில்லை. மட்டை பிடித்த எங்கள் பெண்ணுக்குத் தெரியும்படி, வேகப் பந்தென்றால் இடுப்பில் கை வைத்தேன், வளையும் பந்தென்றால் தொப்பியைத் தொட்டேன். எங்கள் பெண்கள் விளாசித் தள்ளினார்கள். ஓட்ட வித்தியாசம் எக்கச்சக்கமாகிவிட்டதால் விதிப்படி ஆட்டம் பாதியிலேயே முடிந்துபோனது.

செக்ரெட்டரி நேரே என்னிடம் வந்தார். “எங்க ஜாடையைப் பாத்துச் சொல்லியிருக்கீங்க. இது துரோகம் இல்லையா?”

“உங்க ஜாடையா? அது நானும் பௌதியும் போட்டது. நீங்க மாத்தியிருக்கலாமே!” என்றேன்.

அந்த வாரமே அணியைக் கலைத்துவிட்டார்கள். துள்ளிக்கொண்டு மாடியேறி பௌதியிடம் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது.

“அது நான் ஆரம்பிச்ச டீம் இல்லையா?” என்றார்.

அவருக்காக மட்டும்தான் வருத்தப்பட்டேன். லேக் மார்க்கெட்டில் அந்த ஆள் இன்றும் என்னைக் கண்டால் ஒதுங்கிப் போகிறார். நான் வேண்டுமென்றே அவர் போகும் பக்கமே போகிறேன்.