எனேபிஷா என்றால் என்ன அர்த்தம்?

தப்பு செய்துவிட்டு அது யார் கண்ணிலும் படாமல் போய்விட்டால் எவ்வளவு நிம்மதி! எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை என் தப்புக்குப் பெயர்சூட்டு விழாவே நடந்தது. கூடாரம் போட்டு, கேக் வெட்டி, என்னையே சிறப்பு விருந்தினராகவும் அழைத்து…

அதற்கு முந்தைய செவ்வாய்க்கிழமை கைப்பேசிக்கு ஒரு குரல் பதிவு வந்தது. இளம் பெண் குரல்.

“அக்கா, வணக்கம். ஈஜோக்ல இருந்து தர்ஷினி பேசுறேன். உங்க பத்திய ஒரு வாரம் விடாம படிக்கிறவ. கல்யாணமாகி ஆறு வருசம் கழிச்சு இப்பதான் எங்களுக்குப் பொம்பளப் புள்ள பொறந்திருக்கு. நீங்க எழுதின பேரைத்தான் வச்சிருக்கோம்… எனேபிஷா. ஞாயித்துக்கிழமை முப்பதாம் நாள் விசேஷம். நீங்க வந்து மைக்ல அர்த்தம் சொல்லணும்.”

நான் எழுதிய பெயர் ஒரு குழந்தைக்கு! அந்தப் பதிவை நான்கு முறை கேட்டேன். அதில் இரண்டு முறை வேண்டுமென்றே கணவர் பக்கத்தில் நின்று கேட்டேன். “காதுல விழுந்துச்சு லா” என்று சொல்லிவிட்டு அவர் மீன்தொட்டியைக் கழுவப் போய்விட்டார்.

உங்களுக்கு நினைவிருக்கலாம். சில மாதங்களுக்கு முன் இதே இடத்தில் உலகத்துப் பெயர்களைப் பற்றி எழுதினேன். கானா நாட்டில் வெள்ளிக்கிழமை பிறந்த பையன் கோஃபி, சனிக்கிழமை பிறந்த பெண் அமா. நாள்காட்டி இருந்தால் போதும், ஜோசியர் தேவையில்லை. பாலித் தீவில் முதல் பிள்ளை வாயான், அடுத்து மடே, ஞோமான், கெத்துட். ஐந்தாவது பிறந்தால்? திரும்பவும் வாயான்! தாய்லாந்தில் வீட்டுச் செல்லப் பெயர்களில் தவளையும் உண்டு, பன்றியும் உண்டு.

பெயர்கள் மேல் எனக்கு ஏன் இந்த அக்கறை? இந்தப் பத்தியின் மேலே நீங்கள் பார்ப்பது என் புனைபெயர். அடையாள அட்டையான ஐசியில் இருப்பது போதும்பொண்ணு. நான் நான்காவது பெண். இதோடு பெண் போதும் என்று கடவுளுக்கு அப்பா அனுப்பிய விண்ணப்பம் நான். எனக்குப் பின் இன்னும் இரண்டு தங்கைகள் பிறந்தார்கள். கிளினிக்கில் என் பெயரைக் கூப்பிட்டால் காத்திருக்கும் தமிழர்கள் எல்லாரும் திரும்பி என்னைப் பார்ப்பார்கள். ஐம்பத்து நான்கு வருடமாகப் பார்க்கிறார்கள்.

கதைக்கு வருகிறேன். மைக்கில் பேச வேண்டுமே என்று பழைய குறிப்பு நோட்டை எடுத்தேன். மங்கோலியப் பெயர்கள் என்று தலைப்பிட்டு, கீழே என் கையெழுத்தில் இரண்டு வரிகள்:

எர்தேனே — ரத்தினம்.
எனேபிஷ் — இது இல்லை.

மறுபடி படித்தேன். அச்சான பத்தியைத் தேடி எடுத்தேன். அதில் எனேபிஷ்தான் ரத்தினம்! அன்று பத்தி அனுப்ப வேண்டிய கடைசி நேரம், அடுப்பில் ரசம் வேறு பொங்கிக்கொண்டிருந்தது… அடுத்தடுத்த வரிகளின் அர்த்தத்தை மாற்றிப் போட்டிருக்கிறேன். உலகத்தில் யாராவது தன் குழந்தைக்கு ‘இது இல்லை’ என்று பெயர் வைப்பார்களா? வைப்பார்கள். அந்த வரிக்குப் பக்கத்திலேயே பொடி எழுத்தில் குறித்திருந்தேன்: பிள்ளை தங்காத வீட்டில் வைப்பது.

ஆறு வருடம் காத்திருந்து பிறந்த குழந்தை. அதற்குப் போய் இப்படி ஓர் அபசகுனத்தையா வாங்கிக் கொடுத்தேன்?

கணவரிடம் சொன்னேன். அவர் ரொம்பவும் யோசிக்கவில்லை.

“பேசாம இரு. ஈஜோக்ல மங்கோலியாக்காரன் எவன் இருக்கான்?”

நியாயமான கேள்விதான். ஈஜோக் செம்பனைத் தோட்டங்களில் வங்காளதேசிகள் இருக்கிறார்கள், நேப்பாளிகள் இருக்கிறார்கள், இந்தோனேசியர்கள் இருக்கிறார்கள். மங்கோலியாக்காரர் யாரும் இருப்பதாகத் தெரியவில்லை. ஆனால் அந்தக் குழந்தை என்றைக்காவது ஒரு நாள் தன் பெயரைக் கைப்பேசியில் தட்டிப் பார்க்குமே? அன்றைக்கு அது என்னைப் பற்றி என்ன நினைக்கும்? விழாவுக்கு முன் தர்ஷினியிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். பெயரை மாற்ற வேண்டுமென்றால் அவர்கள் பதிவிலாகாவுக்கு நடையாய் நடக்க வேண்டும்… நானும் கூட நடக்கிறேன் என்று சொல்லலாம்.

ஞாயிற்றுக்கிழமை குவாலா சிலாங்கூரிலிருந்து ஈஜோக்குக்குப் புறப்பட்டோம். செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று பாதித் தூரத்துக்கு முன்னால் ஊர்ந்தது. வழக்கமாக அந்த லோரிகளைத் திட்டுவேன். அன்று அது இன்னும் மெதுவாகப் போகக்கூடாதா என்றிருந்தது.

வீட்டு வாசலில் இறங்கினோம். கூடாரத்தின் நெற்றியில் எனேபிஷா என்று விளக்கு எழுத்து மின்னுகிறது. பலூன்களில் எனேபிஷா. இரண்டு தட்டுக் கேக்கில் எனேபிஷா. வருகிறவர்களுக்குக் கொடுக்க முறுக்குப் பாக்கெட்டுகளைக் குவித்து வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் ஒட்டுத்தாள், ஒவ்வொரு ஒட்டுத்தாளிலும் எனேபிஷா. கடைசியில் இருக்கும் ‘ஆ’ இவர்கள் சேர்த்தது. மங்கோலியர் புண்ணியத்தில் ‘ஷ’ ஏற்கெனவே இருந்தது. நம் ஆட்களுக்கு ‘ஷ’ இல்லாத பெயர் வைத்தால் சோறு செரிக்காது.

தர்ஷினியின் மாமியார் ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அறுபத்தெட்டு வயது, நடையில் அது தெரியவில்லை. எல்லாரும் அவரைக் கீதாம்மா என்கிறார்கள். ஒவ்வொரு மேசையாக அழைத்துப் போய், பெயர் கொடுத்தது இவங்கதான், ரத்தினம்னு அர்த்தமாம் என்று என்னை அறிமுகம் செய்தார். நான் ஏழு மேசைக்குச் சிரித்தேன். எட்டாவது மேசைக்கு முன்னால், குழந்தையைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக் கையை விடுவித்துக்கொண்டு உள்ளே போனேன்.

அறையில் தர்ஷினி குழந்தைக்குப் பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டிருந்தாள். பாவாடையைவிடக் குழந்தை சின்னதாக இருந்தது. பாலர் பள்ளி ஆசிரியையாம். சின்ன உருவம், கெட்டிக்காரக் கண்கள். நான் சுற்றி வளைக்கவில்லை. அந்தப் பெயருக்கு ரத்தினம் என்று அர்த்தமில்லை, நான் மாற்றி எழுதிவிட்டேன், என்னை மன்னித்துவிடு என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

அவள் எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள்.

“இது இல்லைன்னு அர்த்தம். தெரியும்க்கா.”

என் பத்தி வந்த அன்றே கைப்பேசியில் தேடிப் பார்த்தாளாம். நான் எழுதுவதை எப்போதுமே ஒரு தடவை சரிபார்த்துவிடுவாளாம்! எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவள் அடுத்துச் சொன்னதைக் கேட்ட பிறகு, என் மானம் மரியாதை எல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

இது அவளுடைய மூன்றாவது குழந்தை. முதலாவது ஏழாம் மாதம் வயிற்றிலேயே போய்விட்டது. இரண்டாவது பதினொரு நாள் இருந்தது.

“ரெண்டுக்குமே நட்சத்திரம் பாத்து, எண் கணிதம் பாத்து அழகான பேராத்தான் எடுத்து வச்சோம்க்கா. இந்தத் தடவ அழகான பேரே வேணாம்னு தோணிருச்சு.”

வயிற்றில் இருப்பது பெண் என்று தெரிந்ததும், குப்பாயி என்று வைக்கலாமா என்று வீட்டில் கேட்டிருக்கிறாள். இந்தக் காலத்து இருபத்தெட்டு வயதுப் பெண்ணுக்கு அந்தப் பெயர் எங்கிருந்து கிடைத்தது? மாமியாரிடமிருந்துதான். கீதாம்மாவின் ஐசியில் இருக்கும் பெயர் குப்பாயி. அவருக்கு முன் பிறந்த மூன்று பிள்ளைகள் தங்கவில்லை. நான்காவதாக வந்தவரை தோட்டத்து லயவீடுகளுக்குப் பின்னால் இருந்த குப்பைமேட்டில் ஒரு புரட்டுப் புரட்டி எடுத்து, குப்பாயி என்று பெயர் வைத்தார்கள். எமன் வந்து பார்த்தாலும், சீ, குப்பை என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு போய்விட வேண்டும். அதுதான் கணக்கு. அவர் தங்கிவிட்டார்; ஆனால் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அந்தப் பெயருக்காக அழாத நாள் இல்லையாம். மகன் வேலைக்குப் போன பிறகு தானே தனக்குக் கீதா என்று வைத்துக்கொண்டார். மருமகள் குப்பாயி என்றதும் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. தன் பேத்தி அந்தப் பெயரோடு பள்ளிக்கூடம் போகக்கூடாது என்று மட்டும் சொன்னாராம்.

“அந்த வாரம்தான் உங்க பத்தி வந்துச்சு. கேக்கிறவங்களுக்கு ரத்தினம். வரக்கூடாத ஆளு வந்தா… இது இல்ல. அர்த்தத்த நீங்களே மாத்தி எழுதிட்டதால எனக்கு வேல மிச்சம். மைக்லயும் ரத்தினம்னே சொல்லிருங்கக்கா. அத்தைக்குத் தெரிய வேணாம்.”

நான் தலையை ஆட்டினேன். பத்து வருடமாக எழுதுகிறேன். சரியாக எழுதிய ஒன்றுகூட யாருக்கும் இவ்வளவு உபயோகப்பட்டதில்லை.

தொட்டிலில் குழந்தையைக் கிடத்தினார்கள். அப்பாவின் தங்கை குனிந்து அதன் காதில் மூன்று முறை பெயரைச் சொன்னாள். எனேபிஷா, எனேபிஷா, எனேபிஷா. கூட்டம் கைதட்டியது. எனக்கு மட்டும் அது வேறு மாதிரிக் கேட்டது. வாசல் கேட்டுக்கு வெளியே நிற்கும் யாரிடமோ, இது இல்லை, இது இல்லை, இது இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்புவது மாதிரி. கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்த அம்மாள், சாம்பிராணிப் புகை என்று விசிறினார்.

பிறகு மைக்கைக் கொடுத்தார்கள். எனேபிஷா என்றால் மங்கோலிய மொழியில் விலைமதிப்பில்லாத ரத்தினம் என்று, முன்னால் எழுதியதில் இல்லாத ‘விலைமதிப்பில்லாத’ என்பதையும் சேர்த்து, கூசாமல் அடித்துவிட்டேன். என் கணவர் பாயசத்தை விட்டுத் தலை நிமிரவில்லை.

புறப்படும்போது கார் வரைக்கும் கீதாம்மா வந்தார். கையில் ஒரு பை நிறைய முறுக்குப் பாக்கெட். கணவர் ஏறி உட்கார்ந்த பிறகு என்னைக் கொஞ்சம் ஒதுக்கி நிறுத்தினார்.

“நல்லா பேசினீங்கம்மா. ஆனா அர்த்தம் அது இல்லியே.”

மருமகள் பெயரைச் சொன்ன அன்றே போனிடம் கேட்டாராம். வாயால் கேட்டால் தமிழிலேயே பதில் சொல்கிறதாம்.

“அப்ப ஏம்மா சரின்னீங்க?”

“நான் குப்பாயி. அந்தப் பேரு எனக்கு அறவே புடிக்காது. ஆனா அது வேல செய்யும்னு எனக்குத் தெரியாதா? இதோ குத்துக்கல்லாட்டம் நிக்கிறேன். வெளிநாட்டுப் பேருன்னா பள்ளிக்கூடத்துல யாரும் சிரிக்க மாட்டாங்க.” பையை என் கையில் திணித்தார். “மருமககிட்ட சொல்லிறாதீங்க. அது ரத்தினம்னு நெனச்சு ஆசையா வச்சிருக்கு. மனசு ஒடஞ்சிரும்.”

மறுபடியும் தலையை ஆட்டினேன்.

வழியெல்லாம் நினைத்து நினைத்துச் சிரித்தேன். ஒரே வீட்டில் எனக்கு இரண்டு வாசகர்கள். ஒருவர் விடாமல் இருவருமே நான் எழுதியதை நம்பாமல் சரிபார்த்திருக்கிறார்கள்! சரிபார்த்துவிட்டு, ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர், அந்தக் குழந்தைக்கு ஒரே காவலைப் போட்டிருக்கிறார்கள். என்ன சிரிப்பு என்று கேட்டார் கணவர். சொன்னேன். முன்னால் ஊர்ந்த லோரி ஒன்றை முந்தினார். பிறகு, ஒங்கப்பா ஒனக்கு வச்ச பேரும் மோசமில்ல, என்றார். முப்பது வருடத்தில் அவர் என் பெயரைப் பற்றிச் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அதுதான்.

இரண்டு பேரிடமும் சொல்ல மாட்டேன் என்று ஒப்புக்கொண்டேனே, இப்போது ஊருக்கே சொல்கிறேனே என்று கேட்பீர்கள். நான் தலையைத்தான் ஆட்டினேன். தலையாட்டுவது எப்போது வாக்கானது? தவிர, தப்பாக எழுதினால் திருத்தம் போடுவது முறை. எனவே, எர்தேனே என்றால் ரத்தினம். எனேபிஷ் என்றால் இது இல்லை. தவறுக்கு வருந்துகிறேன்… ரொம்ப இல்லை.

இன்றைக்கு மாமியாரும் படிப்பார், மருமகளும் படிப்பாள். படித்துவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும்.

எமன் மட்டும் தமிழ்ப் பத்திரிகை படிக்காதவனாக இருந்தால் போதும்.